பக்கவாதத்துக்குப் பின் விரல்களை விரிக்க முடியவில்லை: மும்பை செம்பூர் பகுதியில் உதவி தேவை

செம்பூரில் எங்களுடன் வசிக்கும் என் அம்மாவுக்கு (வயது 64) கடந்த மார்ச்சில் மூளையின் வலப்பக்க இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது, ஊன்றுகோலுடன் நடக்கிறார். கைதான் மீளவில்லை. தோளை உயர்த்துகிறார், டம்ளரைப் பற்றுகிறார், ஆனால் பற்றியதை விடுவதற்கு விரல்கள் விரிவதில்லை. வலக்கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்கிறார்.

வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்த நீட்டல் பயிற்சி, கண்ணாடிப் பயிற்சி (நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் பார்த்தபடி செய்வது), கையை நேராகத் தாங்க இரவில் கட்டும் ஸ்பிளிண்ட் ஆகியவற்றைத் தொடர்கிறோம். ரப்பர் பந்தை அழுத்துவது மடக்கும் தசைகளையே மேலும் இறுக்குவதாகத் தோன்றியதால், அந்த இயன்முறை மருத்துவரிடம் கேட்டு நிறுத்தினோம். விரிக்கும் தசைகளுக்கு மின்தூண்டல் கொடுத்தபடியே, அம்மாவும் தானாக விரிக்க முயலும் பயிற்சியை நரம்பியல் மருத்துவர் பரிந்துரைக்கிறார். அம்மாவுக்கு இந்தி வராது. சொல்வது உடனே புரிந்தால்தானே முயல முடியும்.

செம்பூர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் இப்பயிற்சியை அளிக்கும், தமிழ் பேசும் இயன்முறை மருத்துவர் எவரையேனும் உங்களுக்குத் தெரியுமா?