புதுப்பிப்பு: மஞ்சளாகிப்போன ஹைட்ரேஞ்சியா தப்பீட்டுது

உதவி சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஐப்பசியில கேட்டனான், நுவரெலியாவில இருந்து கொண்டுவந்த நீலப் பூப் பூக்கிற ஹைட்ரேஞ்சியாச் செடியின்ர இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்குது எண்டு. யூரியா போட்டுப் பாத்தன், ஒண்டும் நடக்கேல்ல. பிழை கிணத்துத் தண்ணியிலதான், எங்கட சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி ஊத்த ஊத்த மண்ணில காரம் கூடி செடியால இரும்புச்சத்தை எடுக்க ஏலாமப் போகுது, மழைத்தண்ணி ஊத்திப் பாருங்கோ எண்டு ஒரு அக்கா எழுதினவா, அதுதான் சரிவந்தது. மாரி மழையைப் பரல்ல பிடிச்சு அதை மட்டும் ஊத்தினன், தேங்காய்மட்டைத் தும்புச்சோறும் இலைக்குப்பையும் கலந்த புதுச் சாடிக்கு மாத்தி, காலமை வெய்யில் மட்டும் படுற மாதிரி மாமரத்துக்குக் கீழ வச்சன். மூண்டு கிழமையில புது இலை கரும்பச்சையா வந்துது. பழைய மஞ்சள் இலை மாறேல்ல, அதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ.

எதிர்பாக்காதது, மாசியில பூத்தது ரோஸ் நிறம்! மண்ணில இன்னும் காரம் இருக்கிறதால அலுமினியம் செடிக்குள்ள போகேல்ல, அது போனாத்தான் நீலம். கிட்டப் பாத்தா நடுவில கடுகு மாதிரி ஒரு குட்டி மொட்டு, அதுதான் உண்மையான பூ, சுத்தி இதழ் மாதிரி நிக்கிறது புல்லி இதழ், பூவுக்கு வெளியில இருக்கிற உறை. அம்மாவுக்கு ரோஸ்தான் பிடிச்சிருக்கு, அதால நீலமாக்கிறதுக்கு அலுமினியம் இருக்கிற படிகாரம் போடேல்ல.