தவளைப் பேழையின் பின்புறத்துக்கு ஒரு சொல்: புடைசுவர்

வணக்கம்.

தவளை வளர்க்கும் கண்ணாடிப் பேழையின் பின்பக்கத்தை மறைத்து, உள்ளே கையால் செய்து பொருத்தும் பாறை போன்ற அமைப்பை (ஆங்கிலத்தில் background) நம் சொற்பட்டியலில் 'பின்னணி' என்றே எழுதிவிடலாம் என்று பலரும் கருத்துச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கனடாவில் இருக்கும் என் அக்காவின் மகன், அவுஸ்திரேலிய மரத்தவளை ஒன்றை வளர்க்கிறான். அவனுடைய மகளின் தமிழ்ப் பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக, இந்த அமைப்பைச் செய்யும் முறையைத் தமிழில் எழுதித் தருமாறு என்னைக் கேட்டான். White's tree frog என்ற அந்தத் தவளையின் ஆங்கிலப் பெயரிலேயே முதல் சிக்கல் இருந்தது. அதை 'வெள்ளைத் தவளை' என்று பெயர்த்துவிட்டால் பெரும்பிழை. தவளை பச்சை நிறமானது. 1790இல் அதை விவரித்து எழுதிய ஜோன் வைட் என்ற அறுவை மருத்துவரின் பெயரே அதற்கு வழங்குகிறது. ஆகவே 'வைட்டின் மரத்தவளை' என்று எழுதினேன்.

அடுத்த வரியில் 'பின்னணி' வந்து நின்றது. பின்னணிப் பாடகர், பின்னணி இசை, குடும்பப் பின்னணி என்று நாம் நாள்தோறும் சொல்லும் இடங்களிலெல்லாம் அது கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நிற்பதையே குறிக்கிறது. இதுவோ பேழையில் முதலில் கண்ணில் படுவது. ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் வரை வளரும் அந்தத் தவளை, விரல் நுனிகளில் உள்ள ஒட்டுத் தட்டுகளால் இதைப் பற்றி ஏறுகிறது. பகலில் இதன் இடுக்கில் ஒடுங்கி உறங்குகிறது. 'பின்திரை' என்ற சொல்லை முன்மொழிந்தவர்களுக்கும் இதே மறுமொழிதான். மீன்தொட்டியின் வெளிப்பக்கத்தில் ஒட்டும் அச்சிட்ட படத்தாளுக்கு அது மிகப் பொருத்தமான சொல். அதற்கென்றே அதை ஒதுக்கிவைக்கலாம். 'பின்சுவர்' என்றாலோ, பேழையின் பின்பக்கக் கண்ணாடியைச் சொல்கிறோமா, அதன் மேல் ஒட்டியதைச் சொல்கிறோமா என்பது தெளிவாகாது.

பொருளைக் கையால் தொடாமல் அதற்குப் பெயர் வைப்பது சரியாகப் படவில்லை என்பதால், இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளையில் என் வீட்டு இஸ்தோப்பில் அமர்ந்து ஒரு துண்டு செய்து பார்த்தேன். (நான் தவளை வளர்க்கவில்லை. எங்கள் மலைக்காட்டுத் தவளைகளில் பெரும்பாலானவை இந்தத் தீவில் மட்டுமே வாழ்பவை. அவை காட்டிலேயே இருக்க வேண்டும்.) தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப்பலகையைச் சமையலறைக் கத்தியால் செதுக்கினேன். வெள்ளை மணிகள் உதிர்ந்து கை முழுவதும் பொரி போல ஒட்டிக்கொண்டன. பிறகு அதன் மேல் கபில நிறச் சிலிக்கோனைப் பூசி, காய்வதற்குள் உலர்ந்த தேங்காய்த் தும்புத்தூளைத் தூவி உள்ளங்கையால் அழுத்தினேன். மறுநாள் நிமிர்த்தித் தட்டியபோது ஒட்டாத தூள் உதிர்ந்து, ஆங்காங்கே வழுக்கைத் திட்டுகள் தெரிந்தன. அவற்றுக்கு மறுபடியும் பூச வேண்டியிருந்தது. வினாகிரி போன்ற நெடி வீட்டை விட்டுப் போகப் பல நாள்கள் ஆயின. அந்த நெடி முற்றாக அகலும்வரை தவளையை உள்ளே விடக்கூடாது என்பதையும், பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கோன் வாங்கக்கூடாது என்பதையும் குறிப்பில் தடித்த எழுத்தில் எழுதினேன்; தவளை தோலாலேயே நீரை உறிஞ்சி, தோலாலும் மூச்சு விடுகிற உயிர்.

அந்தத் துண்டைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தபோது, கோயில் தூணில் உள்ள புடைப்புச் சிற்பம் நினைவுக்கு வந்தது. தட்டையான தளத்திலிருந்து மேடாக எழுந்து நிற்கும் உருவத்துக்குத் தமிழில் ஏற்கெனவே 'புடைப்பு' என்ற சொல் இருக்கிறது. நரம்பு புடைக்கிறது என்கிறோம். அக்காவின் மகன் ரெஜிபோமுக்குப் பதிலாகக் குழாயிலிருந்து பீய்ச்சும் நுரையைப் பயன்படுத்தினான். அது கண்ணாடியில் பட்டதும் ஊதிப் பெருத்துப் பாறைத் திரளாக இறுகுவதைத் தொலைபேசியில் காட்டினான். அது புடைக்கும் நுரை. அதனால் உண்டாவது புடைத்த சுவர். எனவே அந்த நுரைக்குப் 'புடைநுரை' என்றும், முழு அமைப்புக்குப் 'புடைசுவர்' என்றும் பெயர் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

இங்கே எழுத்தில் ஒரு கவனம் தேவை. புடைத்த சுவர், புடைக்கும் சுவர் என்று முக்காலமும் காட்டும் வினைத்தொகை இது. ஊறுகாய், வெடிகுண்டு என்பவற்றில் வல்லினம் மிகாதது போல இதிலும் மிகாது. 'புடைச்சுவர்' என்று ஒற்றுப் போட்டு எழுதிவிட்டால், 'புடைசூழ வந்தார்' என்பதில் உள்ள பெயர்ச்சொல்லாகிய புடை, அதாவது பக்கம் என்ற பொருள், உள்ளே வந்து பக்கச் சுவராகிவிடும். மூன்று பக்கக் கண்ணாடிகளும் பக்கச் சுவர்களாக இருக்கிற பேழையில் இந்தக் குழப்பம் சிறியதன்று. ஆகவே சொற்பட்டியலில் சேர்ப்பவர்கள், 'ச்' இன்றி எழுதுக என்று அருகிலேயே குறித்துவிட வேண்டுகிறேன்.

சுளகில் அரிசி புடைப்பது நினைவுக்கு வரும் என்ற தயக்கம் சிலருக்கு எழலாம். வினை ஒன்றாயினும், சுவர் என்ற சொல்லை அடுத்து வரும்போது யாரும் அரிசியை நினைக்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன். எட்டு வயதுச் சிறுமியிடம் சொல்லிப் பார்த்ததில், "புடைச்சிட்டு இருக்கிற சுவரா?" என்று உடனே கேட்டாள். விளக்கம் எதுவும் நான் சொல்லியிருக்கவில்லை.

புடைசுவரின் ஓரங்கள் கண்ணாடியோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும்; இல்லையேல் இரையாகப் போடும் சில்வண்டுகள் பின்னால் புகுந்துவிடும், தவளையும் சிக்கிக்கொள்ளும். இதற்குத் தனிச்சொல் தேவையில்லை. 'ஓரம் அடைத்தல்' போதும்.

செடி நடுவதற்காகச் சுவரில் விடும் குழிக்குத்தான் சொல் இன்னும் உறுதியாகவில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் pocket என்பதைப் 'பை' என்று பெயர்த்தால் துணிப்பை போல ஒலிக்கிறது. எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் மண் சரியாமலிருக்கக் கட்டிய பழைய கல்லுக்கட்டில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பாசி படர்ந்து பன்னம் (பெரணி) முளைத்திருக்கும். அந்த இடத்தை அம்மா பொந்து என்பார். குறிப்பில் இப்போதைக்குச் 'செடிப்பொந்து' என்று எழுதியிருக்கிறேன். செடிக்குழி, செடிமாடம் ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்தேன். விளக்கு வைக்கும் மாடம் சுவருக்குள் குடைந்தது என்பதால் அதன் பக்கமும் மனம் சாய்கிறது. உங்கள் ஊரில் கற்சுவரில் செடி முளைக்கும் இடைவெளியை எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.