இயற்கை முழங்காலின் அசைவைச் செயற்கை மூட்டில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: இயந்திரவியல் மாணவி

வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காக முழங்கால் மாற்று மூட்டு ஒன்றைக் கணினியில் வடிவமைத்து வருகிறேன். ஆரோக்கியமான முழங்காலின் ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பு முனைகளின் வடிவத்தை அப்படியே எடுத்து, தொடை எலும்புப் பாகத்தைக் கோபால்ட் குரோமியத்திலும், அது அமரும் கீழ்ப்பரப்பைப் பாலிஎத்திலீனிலும் அமைத்தேன். உருவகச் சோதனையில் முழங்கால் மடங்கும்போது தொடை எலும்பு பின்னோக்கி உருளாமல் முன்னோக்கி வழுக்குகிறது. தொடுபரப்பில் அழுத்தமும் மிக அதிகமாக வருகிறது. வடிவம் இயற்கையானதாக இருந்தும் அசைவு ஏன் மாறுகிறது?

பதில்: மூட்டு வடிவமைப்புப் பொறியாளர்

உங்கள் கணினி பொய் சொல்லவில்லை. 1990-களில், மூட்டு மாற்றப்பட்டவர்கள் முழங்காலை மடக்குவதை ஃப்ளூரோஸ்கோப்பி (அசைவைக் காட்டும் தொடர் எக்ஸ்-ரே படம்) வழியாக ஆராய்ந்தவர்கள், முழங்காலுக்குள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் முன், பின் சிலுவைத் தசைநார்களில் பின்புறத்தது மட்டும் தக்கவைக்கப்பட்ட பல மூட்டுகளில் இதே முன்வழுக்கலைக் கண்டனர்.

இயற்கை முழங்காலை எலும்பின் வடிவம் மட்டும் நடத்துவதில்லை. கீழ்க்கால் எலும்பின் வெளிப்புற மேற்பரப்பு சற்றுக் குவிந்தே இருக்கிறது. அதன்மேல் தொடை எலும்பின் குமிழ் (உருண்டையான கீழ்முனை) நிலையாக நிற்பதற்குக் காரணம் பிறை வடிவக் குருத்தெலும்புகளும் இரண்டு சிலுவைத் தசைநார்களுமே. பெரும்பாலான மாற்று அறுவைகளில் அந்தக் குருத்தெலும்புகளும் முன் சிலுவைத் தசைநாரும் அகற்றப்படுகின்றன. அவை இல்லாதபோது, கால் நீட்டிய நிலையிலேயே தொடை எலும்பு பின்தள்ளி அமர்ந்துவிடுகிறது. மடக்கத் தொடங்கியதும் அதற்கு முன்னோக்கிச் செல்லும் வழிதான் எஞ்சுகிறது. இதனால் தொடை முன்தசையின் நெம்புகோல் நீளம் குறைவதோடு, முழங்கால் மடங்கும் அளவும் குறைகிறது.

அழுத்தத்தின் காரணமும் இதனோடு ஒட்டியதே. குவிந்த உலோகம் குவிந்த பிளாஸ்டிக்கைத் தொட்டால் தொடுபரப்பு மிகச் சிறிதாகிவிடும். நடக்கும்போதே மூட்டின்மீது உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை இறங்குகிறது. கீழ்ப்பரப்பைக் குழிவாக்கினால் அழுத்தம் குறையும், ஆனால் அசைவு கட்டுப்படும். கட்டுப்படுத்திய விசை எலும்பும் இம்பிளான்ட்டும் சேரும் இடத்துக்குச் செல்லும். இந்த இழுபறியே இத்துறையின் நடுநாயகமான சிக்கல் என்பது என் கருத்து.

1978-இல் வந்த இன்சால்-பர்ஸ்டீன் மூட்டு, பாலிஎத்திலீனில் ஒரு தூணையும் தொடைப் பாகத்தில் அதை முட்டும் ஒரு குறுக்குப் பட்டையையும் வைத்துப் பின்னுருளலை உண்டாக்கியது. ஆனால் அது இரு குமிழ்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் பின்தள்ளும். இயற்கையில் உட்புறக் குமிழ் பெரிதும் இடத்திலேயே நிற்க, வெளிப்புறக் குமிழ்தான் நெடுந்தூரம் பின்செல்கிறது. இதை 1836-லேயே வெபர் சகோதரர்கள் விவரித்துள்ளனர். உட்புறத்தைப் பந்துக் கிண்ண மூட்டுப் போலவும் வெளிப்புறத்தைத் தளர்வாகவும் அமைக்கும் உட்சுழல் மூட்டுகள் இந்த அடிப்படையில் எழுந்தவை. உங்கள் திட்டத்துக்கு அங்கிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

பதில்: எலும்பியல் மருத்துவர்

மேலே உள்ளதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: அறுவையில் மூட்டு எந்தக் கோணத்தில் பொருத்தப்படுகிறது என்பதும் அசைவை மாற்றிவிடும். பலருக்குக் கீழ்க்கால் எலும்பின் மூட்டுப்பரப்பு உட்புறமாகச் சுமார் 3 டிகிரி சாய்ந்திருக்கிறது. வழக்கமான முறையில் அதைக் காலின் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டுகிறோம். அப்போது பக்கத் தசைநார்களின் இறுக்கம் பழையபடி இருப்பதில்லை. ஆகவே ஒரே நிலையில் மட்டும் சோதித்து முடிவுக்கு வராமல், சாய்வையும் சுழற்சியையும் சில டிகிரி மாற்றிப் பார்த்து, அதற்குப் பிறகும் அசைவைக் காத்துக்கொள்ளும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மறுகேள்வி: இயந்திரவியல் மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் இரண்டு சிலுவைத் தசைநார்களையும் தக்கவைக்கும் வடிவமே சிறந்ததாகாதா?

பதில்: மூட்டு வடிவமைப்புப் பொறியாளர்

அசைவு இயற்கைக்கு நெருங்கலாம். ஆனால் தசைநார்கள் பற்றியிருக்கும் எலும்புத் தீவை நடுவில் விட்டுவைக்க, கீழ்த்தட்டு லாட வடிவமாகி, முன்புறம் குறுகிய பாலம் ஒன்றால் மட்டுமே இணைகிறது. அந்தப் பாலமும் எலும்புத் தீவும் முறியாமல் காப்பது கடினம்.

எதைத் தேர்ந்தாலும் சோதனை முறையைக் கவனியுங்கள். ஐஎஸ்ஓ 14243 தேய்மானத் தரநிலையில் இடப்பெயர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முறையும், விசையைக் கட்டுப்படுத்தும் முறையும் உண்டு. முதலாவதில் அசைவை நீங்களே விதித்துவிடுவதால், மூட்டு தானாக எப்படி அசையும் என்பது வெளிப்படாது. தசைநார்களை ஸ்பிரிங்குகளாக அமைத்து, விசைக் கட்டுப்பாட்டு முறையில் ஓட்டுங்கள்.