இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதைகளில் நின்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்குன்றத்துக்காரன்:
சென்னைப் பக்கத்துச் சோழவரம் ஓடுபாதை எங்களுக்கு கார், பைக் ரேஸ் நடக்கும் இடம், அவ்வளவுதான். எண்பதுகளில் தாத்தா சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போவார். ஒருநாள் ரேஸ் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஓரத்தில் பெயர்ந்து கிடந்த இடத்தைச் செருப்பு நுனியால் கிளறிக்கொண்டே, "இதுக்கு நான் ஜல்லி சுமந்திருக்கேன்டா, வெள்ளைக்காரன் சண்டைக்கு ஏரோப்ளேன் இறக்கணும்னு ராவும் பகலும் வேலை" என்றார். நான் ஐஸ் வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தேன். என்ன கூலி, கூட யார் வேலை செய்தார்கள், எதையும் கேட்கவில்லை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் வந்து ரேஸ் அங்கே போய்விட்டது, தாத்தாவும் போய்விட்டார். அந்தச் செருப்பு நுனி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கயத்தாற்று மருமகள்:
எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்ட இடத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள், காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கும் விமானத் தளத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கல்யாணமான புதிதில் நான் போனபோது ஒரு ஆச்சி அதில் வத்தல் காயப்போட்டிருந்தார். நாலு பக்கமும் கல் வைத்திருந்தது. தெரியாமல் தாண்டிவிட்டேன். "ஏட்டி, செருப்போட எங்க புஞ்சைக்குள்ள நிக்க" என்று ஒரு அதட்டல். பட்டாளத்துக்காரன் எடுத்த நிலம் அவர் மாமனாருடையதாம், கல் வைத்திருப்பது பழைய வரப்பு ஓடின இடமாம். சிமெண்டு பூசி எத்தனையோ வருசம் ஆகியும் வரப்பு அவருக்குத் தெரிகிறது! செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

திருமலை:
கோபிக்க வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் சொல்வது சண்டை வந்து சேராத இடங்களின் கதை. இலங்கையில், எங்கள் திருகோணமலைச் சீனன்குடாவுக்கு அது வந்தது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான்காரன் குண்டு போட்டான், ஒரு விமானம் எண்ணெய்க் குதத்தில் 91-ஆம் தாங்கி (எண்ணெய்த் தொட்டி) மேலேயே விழுந்தது. அம்மம்மா அண்டைக்கு மதகுக்குள் ஒளிந்திருந்தவ. பிறகு ஒருக்கால் மாமாவோடு போய் அந்தத் தாங்கியைக் கண்டேன். தடித்த இரும்புத் தகடு, பால் ஆடை மாதிரிச் சுருங்கி மடிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. வெயில்தான் என்று தெரிந்தும் கையை எடுத்துவிட்டேன்.

அரக்கோணம் வாசகர்:
திருமலை நண்பருக்கு ஒன்று. சண்டை இங்கே வரவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, அந்த மாதமே சென்னை பாதி காலியானது, கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

என் அனுபவம் சின்னது. எங்கள் ஊர்ப் போர்க்காலத் தளம் 1992-லிருந்து கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமானத் தளம். சுவரோரம் நின்று படம் எடுக்கப் பார்த்தேன், காவலர் வேண்டாம் என்று கையசைத்தார், திரும்பிவிட்டேன். ஆகவே ராணுவம், கடற்படை கையில் இருக்கும் தளங்களில் கேமராவை எடுக்காதீர்கள். கைவிடப்பட்ட தளங்களில் பழைய இரும்பு எதையும் கிளறாதீர்கள். ஓடுபாதை மட்டும் போதாது, பக்கத்தில் காவல் அறை, கிணறு, தண்ணீர்த் தொட்டி ஏதாவது நிற்கும், அவைதான் முதலில் இடிபடும், அதனால் முதலில் அவற்றைப் படம் எடுங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். நிலம் யாருடையது என்று தெரிய வேண்டுமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் கேட்டு, தாலுகா ஆபீசில் புலப்படம் வாங்கலாம். கயத்தாற்று அம்மா, அந்தக் கற்கள் எங்கெங்கே இருந்தன என்று ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். ஆச்சி இன்னும் இருந்தால் இந்த வாரமே போய் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல வரையுங்கள். வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் வரைந்தால் தப்பு வரும்.