அணைத்த பிறகும் மினுங்கிய விளக்கு: மீன்தொட்டி சுவிட்சுகள் பற்றிச் சில அனுபவங்கள்

பெரம்பூர் உறுப்பினர்:

கொளத்தூரில் வாங்கி வந்த மூன்றடித் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கு பொருத்தி இரண்டு கோடைகள் ஆகின்றன. சென்ற சித்திரையில் ஓர் இரவு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு, தொட்டி மூடிக்கு அடியில் அந்தப் பட்டை மின்மினி போல மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்ததைக் கண்டேன். சுவிட்ச் பழுதாகிவிட்டது என்று எண்ணி, ஒயரின் நடுவே இருந்த அந்தச் சிறு சுவிட்சை மறுநாளே மாற்றினேன். அன்றிரவும் அதே மினுங்கல். அதன் பிறகுதான் சுவிட்சைத் திறந்து, அணைந்த நிலையிலேயே, விளக்கிற்குப் போகும் இரு கம்பிகளையும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

காரணம் மிக எளியது. ஒயர் சுவிட்ச் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டுமே துண்டிக்கிறது. இரண்டு பின் பிளக்கையோ எந்தப் பக்கமாகவும் செருகலாம். நான் செருகியிருந்த விதத்தில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) துண்டிக்கப்பட்டு, 230 வோல்ட் ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி) விளக்கின் உள்ளேயே நின்றிருக்கிறது. அதிலிருந்து கசிந்த மிகச் சிறிய மின்னோட்டமே பட்டையை மினுங்க வைத்திருக்கிறது. அந்தச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஞாயிறுதோறும் முழங்கை வரை நீருக்குள் விட்டுப் பாசி சுரண்டியதை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதே என்ற துணிச்சல் அப்போது எனக்கு இருந்தது. ஆனால் கண்ணாடித் தொட்டியின் நீருக்குத் தரையோடு தொடர்பில்லாததால், கசிவு தரைக்குப் போக வழி கிடைப்பதே நாம் கையை விடும்போதுதான், அதன் பிறகுதான் அந்தக் கருவியும் விழித்துக்கொள்ளும்.

இப்போது ஒயர் சுவிட்சை நீக்கிவிட்டு, மூன்று பின் பிளக் வைத்து, விளக்கின் அலுமினிய உடலுக்கு எர்த் கொடுத்து, சுவர்ப் பலகையின் சுவிட்சாலேயே இயக்குகிறேன். சாக்கெட்டை நேரே பார்க்கும்போது ஃபேஸ் வலப்பக்கத் துளையில் இருக்க வேண்டும். எங்கள் பழைய வீட்டில் ஒரு சாக்கெட்டில் அது இடம் மாறியிருந்ததால், செருகும் முன் ஒருமுறை சோதிப்பது நல்லது. சுத்தம் செய்யும்போது பிளக்கையே உருவிவிடுகிறேன்.

கோவை உறுப்பினர்:

நான் விளக்கைவிட, தொட்டி நீரைக் குளிர்விக்கும் விசிறியோடுதான் அதிகம் போராடினேன். பழைய கணினிகளிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறிகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்து, ஏன் ஒன்றுகூடச் சுழலவில்லை என்று ஒரு மாலை முழுவதும் விழித்தேன். 12 வோல்ட் மூன்றாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் நான்கு வோல்ட்தான் கிடைத்திருக்கிறது. சிவப்புகளை ஒன்றாகவும் கறுப்புகளை ஒன்றாகவும் சேர்த்த பிறகு மூன்றும் ஓடின. ஒவ்வொன்றின் முதுகிலும் 0.15 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்ததால், 1 ஆம்பியர் அடாப்டர் (230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

சுவிட்சை அடாப்டருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்ற கேள்வியில் என் தேர்வு பின்னால்தான். தொட்டியருகே இருக்கும் சுவிட்சை நாம் ஈரக் கையோடுதான் தொடப்போகிறோம்; அங்கே 12 வோல்ட் மட்டுமே இருக்கட்டும். அடாப்டர் எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும் என்பது இதன் குறை.

நீர் ஆவியாவதால்தான் குளிர்ச்சி வருகிறது. 100 லிட்டர் நீர் ஒரு டிகிரி குறைய ஏறத்தாழ 170 மில்லி ஆவியாக வேண்டும். ஆகவே விசிறி ஓடும் நாட்களில் நீர்மட்டம் இறங்கினால் ஒழுகல் என்று அஞ்ச வேண்டாம். கோவையின் வறண்ட காற்றில் எனக்கு மூன்று டிகிரி வரை குறைகிறது. சென்னை நண்பருக்குப் புழுக்க நாட்களில் அவ்வளவு கிடைக்காது.

மதுரை உறுப்பினர்:

கோவை நண்பர் விசிறிக்குத் தனிச் சுவிட்ச் வைத்திருக்கிறார்; நானோ விளக்கையும் விசிறி அடாப்டரையும் ஒரே சுவிட்சில் சேர்த்துவிட்டேன். பாசி படியும் என்று பகலில் விளக்கை அணைத்து வைப்பது வழக்கம். அத்தோடு விசிறியும் நின்றிருக்கிறது. மே மாதத்தில் ஒருநாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது வெப்பமானி 34 டிகிரி காட்டியது. ஏஞ்சல் மீன்கள் நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது என்று படித்ததைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். இரண்டு மீன்கள் பிழைக்கவில்லை.

பிறகு எஸ்.டி.சி.-1000 வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வாங்கினேன். அதன் 7, 8 எண் முனைகள் வெறும் சுவிட்ச் போன்றவை, அவற்றிலிருந்து தானாக மின்சாரம் வராது என்பது தெரியாமல், விசிறியை நேரே அவற்றில் இணைத்துவிட்டு, கருவி பழுது என்று கடைக்காரரோடு வாதாடியது என் தவறு. அடாப்டருக்குப் போகும் ஃபேஸை அந்த இரு முனைகளின் வழியாகக் கொண்டு சென்ற பிறகு சரியாயிற்று.

பெரம்பூர் உறுப்பினர்:

மதுரை ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு நானும் அதே கருவியைப் பொருத்தினேன். 29 டிகிரி வைத்தும் விசிறி ஓடாததால் ஒயர்களையெல்லாம் மீண்டும் கழற்றத் தொடங்கிய நேரத்தில் கருவிக்குள் இருக்கும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) டக்கென்று இணைந்து விசிறி சுழன்றது. குளிர்சாதனப் பெட்டியில் பயன்படுத்தும்போது அதன் கம்ப்ரசரைக் காப்பதற்காக, கருவியின் எஃப்-3 என்ற அமைப்பில் மூன்று நிமிடத் தாமதம் முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். விசிறிக்கு அது தேவையில்லை என்பதால், இப்போது ஒரு நிமிடமாகக் குறைத்து வைத்திருக்கிறேன்.