வீரர் நினைவுச் சிலை: ஒரே வார்ப்பா, வெட்டி ஒட்டுவதா?

உலைக்களம்: பேச்சு ஆறடி வெண்கலச் சிலையைப் பற்றியது. வீரர் தலை குனிந்து, துப்பாக்கியைக் கவிழ்த்து ஊன்றி நிற்கிறார். என் கட்சி, மெழுகு வார்ப்பில் (மெழுகு உருவை அச்சுக்குள் உருக்கி எடுத்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவது) ஒரே ஊற்று. வெட்டி வார்த்துப் பற்றவைத்தால் மழையும் வெயிலும் பட்டுப் பட்டு ஒட்டு கோடாகத் தெரியும்.

பட்டறைவாசி: கணக்குப் போடுங்கள் சார். சீருடை மடிப்புகளோடு பரப்பு சுமார் 2.5 சதுர மீட்டர். 6 மி.மீ. கனத்துக்கு 130 கிலோ வெண்கலம் ஆகும். அச்சுக்குள் உலோகம் போகும் ஊற்றுவாய், ஓடைகளில் நிற்பது தனி. 1,100 டிகிரிக்கு மேல் காய்ச்சி ஊற்றினாலும் மெல்லிய தோள்வாரை எட்டுவதற்குள் உலோகம் உறைந்தால் மொத்தமும் போச்சு. துண்டு வார்ப்பில் அந்தத் துண்டை மட்டும் திரும்ப வார்க்கலாம். கழுத்துப்பட்டை, இடுப்புவார், சட்டைக்கை விளிம்பில் வெட்டினால் ஒட்டு துணி மடிப்பில் மறையும். முகத்தில் யார் வெட்டச் சொன்னது?

உலைக்களம்: எந்த வெண்கலக் கலவை என்று சொல்லவில்லையே. செம்பு 85, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் தலா 5 என்ற கலவையைப் பற்றவையுங்கள் பார்ப்போம். துத்தநாகம் புகைந்து போகும், ஒட்டில் நுண்துளை விழும். சிலிக்கான் வெண்கலக் கம்பி போட்டாலோ, பாட்டினா (ரசாயனம் பூசி வரவைக்கும் மேல்நிறம்) ஏற்றும்போது அந்தக் கோடு மட்டும் வேறு நிறம் காட்டும்.

பட்டறைவாசி: அதற்காகத்தான் சிலையையே சிலிக்கான் வெண்கலத்தில் வார்ப்பது: செம்பு 95, சிலிக்கான் 4, மாங்கனீசு 1. கம்பியும் ஏறக்குறைய அதே கலவை. ஆர்கான் வாயுவில் டிக் வெல்டிங் செய்து, அராவி, மணலடித்த பிறகு சாயம் ஏற்றினால் நிறம் சேர்ந்துகொள்ளும். காரீயத் தூளைச் சுவாசிக்கவும் வேண்டாம்.

உலைக்களம்: காரீயக் கலவை அரத்துக்கு இளகிக் கொடுக்கும். சிலிக்கான் கலவை அப்படியில்லை, சீர்செய்யும் வேலை கூடும்.

மெழுகுக்கை: இருவருமே சிலையின் உள்பக்கத்தை விட்டுவிட்டீர்கள். ஒரே ஊற்றில் உள்கருவை, அதாவது சிலை உள்ளே கூடாக வர வைக்கும் அச்சுப்பொருளை, எந்த வழியாக எடுப்பீர்கள்? காலணியின் அடித்துளை மார்புவரை எட்டாது. தங்கிப்போன கரு ஈரம் குடிக்கும், உப்பு வெளியே கசியும். கருவைத் தாங்க இரும்பு ஆணி அடித்திருந்தால் அது துருப்பிடித்துச் செந்நிறப் புள்ளியாக வெளிவரும். உள்சட்டத்துக்கும் சாதா இரும்பு ஆகாது, 316 ரக துருவேறா எஃகு போடுங்கள். காலணியின் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய 10 மி.மீ. துளை வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

உலைக்களம்: கரு விஷயம் சரி. முதுகில் ஒரு ஜன்னல் வெட்டி, கருவைக் குடைந்தெடுத்து மூடலாமே. ஒரே ஒட்டோடு முடியும்.

பட்டறைவாசி: துப்பாக்கி? நீண்ட மெல்லிய குழல் வார்ப்பில் வளையும். வெண்கலத் தண்டைக் கடைந்து பொருத்துவதுதான் வழி. அங்கேயும் ஒட்டு வந்துவிட்டது.

மெழுகுக்கை: பெயர்ப்பலகையைப் பீடத்தோடு சேர்த்து வார்க்காதீர்கள். பெயர் விடுபடும், எழுத்துப் பிழையும் வரும். தனித்தனித் தகடாக வார்த்து, பின்னாலிருந்து மரை போட்டு இறுக்குங்கள். புடைப்பெழுத்து 12 மி.மீ.க்குக் குறைந்தால் ண, ழ சுழிகளுக்குள் இருக்கும் அச்சுமண் உடைந்து, உலோகம் புகுந்து அடைத்துக்கொள்ளும்.