கெர்ரி திருமணப் பதிவில் ஒரு குறிப்பு, யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. என் கணவரின் முன்னோர் அயர்லாந்தின் கெர்ரி பகுதியைச் சேர்ந்தவர்கள். அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளில் (பங்கு என்றால் ஒரு தேவாலயத்தின் வட்டாரம்) அவர்களுடைய 1859 திருமணப் பதிவு கிடைத்துவிட்டது, அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் கத்தோலிக்கத் திருமணங்கள் அரசுப் பதிவில் சேர்ந்ததே 1864இல்தான் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவும் இல்லை.

பதிவு லத்தீனில் இருக்கிறது, பெயர்களும் சாட்சிகளும் தெளிவு. ஓரத்தில் 'டிஸ்ப். இன் 3 எட் 4' என்று ஒரு குறிப்பு. உறவுக்குள் மணம் முடிக்கத் திருச்சபை கொடுத்த விலக்கு இது, பொது மூதாதையிலிருந்து ஒருவர் மூன்றாம் தலைமுறை, மற்றவர் நான்காம் தலைமுறை. சரி, அதுவரை புரிகிறது. ஆனால் ரத்த உறவா, இல்லை இறந்துபோன முதல் கணவன் அல்லது மனைவி வழியாக வந்த சம்பந்த உறவா என்று பாதிரியார் எழுதவில்லை. அந்தக் காலத்தில் இரண்டுக்குமே விலக்கு வாங்க வேண்டும். ரத்த உறவென்றால் நான் தேட வேண்டிய குடும்பமே வேறு!

அப்புறம், முதலில் எழுதிய 3 மணமகனைக் குறிக்குமா? பக்கத்தில் ஒரு பவுண்டு என்றும் இருக்கிறது. அது விலக்குக்கான கட்டணமா, திருமணக் காணிக்கையா? இப்படிப்பட்ட பதிவுகளைப் பார்த்துப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.